ஹிலாரியஸ் என்ற சொல்லுக்கு ஓர் அனுபவச் சீட்டு

கார்காலம் இறங்கியிருந்தது. வானம் தன் நீலத்தைத் துறந்து, நோன்பிருப்பவரைப் போலச் சாம்பல் பூசி நின்றது. கூரை விளிம்புகளில் நீர்த்துளிகள் ஒவ்வொன்றாய்த் திரண்டு, தயங்கி, விடைபெற்று வீழ்ந்தன. மரங்கள் தலை கவிழ்ந்து எதையோ நினைந்து உருகின. தெருவில் சென்ற குடைகள்கூட ஒன்றையொன்று ஏறிட்டுப் பாராமல் மௌனமாய்க் கடந்தன. பிரிந்தவரை எண்ணி நெஞ்சு நையும் பருவம் என்று முன்னோர் பாடிய பருவம் அது.

அப்பருவத்தின் ஒரு செவ்வாய்க்கிழமைக் காலையில், ஆங்கில-தமிழ் அகராதி அலுவலகத்தின் இரண்டாம் மாடியில், ஐம்பத்து மூன்று வயதான ஒருவர் தம்மைச் சிரிக்க வைக்குமாறு எதிர் மேசைப் பெண்ணுக்கு எழுத்து மூலம் விண்ணப்பித்திருந்தார்.

அவள் அதை உரக்கப் படித்தாள்.

"'கீழே கையொப்பமிட்டுள்ள நான், ஹிலாரியஸ் என்னும் சொல்லின் பொருட்டு, தங்களால் இயன்ற நகைப்பொருள் எதையேனும் காட்டியருளுமாறு வேண்டுகிறேன்.' ஜோக் சொல்லணுமா சார்?"

"ஆமாம்மா. நான் அடக்க முடியாம சிரிக்கணும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள."

"நீங்களா?"

அந்த ஒற்றைச் சொல்லில் அவள் காட்டிய வியப்பு நியாயமானதே. அலுவலகத்தில் அவருக்கு முற்றுப்புள்ளியார் என்று பெயர். எத்தகைய அரட்டையும் அவர் முகத்தைக் கண்ட இடத்தில் முடிந்துவிடும் என்பதால் அமைந்த பெயர் அது. விடியற்காலையில் பக்திப் பாடல்கள், பகலில் அகராதி, மாலையில் மீண்டும் பக்திப் பாடல்கள் என்று ஒழுகியவர். எவர் மீதும் சினம் கிடையாது. சிரிப்பும் கிடையாது.

இனி, அந்த அலுவலகத்தின் சட்டத்தைச் சொல்லியாக வேண்டும். முப்பத்து நான்கு ஆண்டுகளுக்கு முன் அதைத் தோற்றுவித்த பெரியவர், அனுபவச் சீட்டு என்று ஒன்றை ஏற்படுத்திவிட்டுப் போயிருந்தார். உள்ளங்கை அகலத்தில் மஞ்சள் தாள். மேலே, 'தான் படாத சொல்லுக்குப் பொருள் எழுதலாகாது' என்று தடித்த எழுத்து. கீழே சொல், நாள், இடம், அனுபவித்த விதம், சாட்சிகளின் கையொப்பம். இச்சீட்டு இல்லாமல் எந்தச் சொல்லும் அச்சேறாது. சொல்லைக் கைவிடுகிறவர், தலைப்புப் பக்கத்திலிருந்து தம் பெயரையும் கைவிட வேண்டும்.

எல்லாரும் அச்சட்டத்தைக் கண்ணெனக் காத்தனர். மூத்த தொகுப்பாளர், தலைசுற்றலைக் குறிக்கும் வெர்ட்டிகோ என்ற சொல்லுக்காகப் பக்கத்துக் கட்டடத்தின் தண்ணீர்த் தொட்டி மீது ஏறினார். அவரை இறக்க ஏணி வண்டி வர வேண்டியிருந்தது. அன்றுமுதல் அவர் தொட்டியார். தலைமைப் பதிப்பாசிரியர் அம்மையார், 'சப்பென்ற' என்று எழுதுவதற்கு முன் ஒரு மாதம் உப்பில்லாமல் உண்டவர். எதிர் மேசைப் பெண், கொப்பளித்தல் என்ற சொல்லுக்காக மூன்று நாள் கொப்பளித்து ஒரு வாரம் குரலிழந்தாள்.

எச் எழுத்தில் தொடங்கும் சொற்களின் தொகுதிக்கு உரியவர் முற்றுப்புள்ளியார். ஒன்பது ஆண்டு உழைப்பு. ஆலங்கட்டி மழையில் குடையின்றி நின்றார். விக்கல் தானாக வரட்டும் என்று மூன்று மாதம் பொறுத்திருந்தார். எஞ்சியது ஒரே சொல், அதிலும் பாதி. ஹிலாரியஸ் என்பதற்குப் பழைய பொருள் 'உள்ளுவகை உடைய' என்பது. அதற்குச் சீட்டு எளிதாய் அமைந்தது. நாள்தோறும் காலைப் பாடலின் முடிவில் அவர் நெஞ்சில் நிறைவது அதுவேயன்றோ! இக்காலப் பொருளான 'அடக்கமாட்டாத சிரிப்பை விளைவிக்கிற' என்பதுதான் அவரை வீழ்த்திற்று.

மஞ்சள் சீட்டைக் கொண்டுவந்து தந்தவர் தேநீர் அக்கா. அலுவலகம் திறந்த நாள்முதல் அங்கே தேநீர் கொடுத்தும் தாள் வெட்டியும் வருகிற அம்மாள். வயது அறுபதை நெருங்கினாலும் எல்லாருக்கும் அக்காதான். சீட்டை நீட்டும்போதெல்லாம் இரு உதடுகளையும் உள்ளே மடித்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொள்வது அவர் வழக்கம். பல்வலி என்று இரங்கி அம்மையார் இருமுறை விடுப்பளித்துப் பல் மருத்துவரிடம் அனுப்பினார். மருத்துவரால் ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை.

எதிர் மேசைப் பெண் தன் கைப்பேசியை நீட்டினாள்.

"இதைப் பாருங்க சார். செம ஹிலாரியஸ்."

ஒரு பூனை அலமாரியிலிருந்து எகிறிக் குதித்து, குறி தவறி, வாளித் தண்ணீரில் விழுந்தது. முற்றுப்புள்ளியார் அதை நான்கு முறை பார்த்தார்.

"அடிபட்டிருக்குமோ?"

"சார், அது பூனை. அதுக்கு ஒண்ணும் ஆகாது."

"முன்னங்காலைப் பாரும்மா. நொண்டுது."

அவள் பார்த்தாள். ஐந்தாம் முறை பார்க்கையில் அவளுக்கும் அது நொண்டியது. கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தாள்.

"இன்னொண்ணு கேக்கட்டுமா?" என்றார் அவர், குறிப்பேட்டைப் புரட்டி. "நேத்து ஒரு நாள்ல நீ பதினேழு தடவை ஹிலாரியஸ்னு சொன்னே. ஒரு தடவைகூட உன் பல்லு தெரியல. சிரிக்கிறவங்க யாரும் அந்த வார்த்தையைச் சொல்றதில்ல; சொல்றவங்க யாரும் சிரிக்கிறதில்ல. இதைப் பயன்பாட்டுக் குறிப்புல போடலாமா?"

அன்று மாலைவரை அவள் யாரிடமும் ஹிலாரியஸ் என்று சொல்லவில்லை. "ஓ" என்று மட்டும் சொன்னாள்.

புதன்கிழமை, அவருடைய மனைவி தம் தம்பியை இரவுச் சாப்பாட்டுக்கு அழைத்தார். அக்குடும்பத்தில் கல்யாணமென்றால் சமையற்காரருக்கு முன்பு அந்தத் தம்பிக்குத்தான் சொல்லியனுப்புவார்கள். அவர் வாயைத் திறந்தால் பந்திக்கே புரையேறும்.

"அத்தான், இலேசா ஆரம்பிக்கிறேன். ஒருத்தன் செருப்புக் கடைக்குப் போனான். 'ஏங்க, இந்தச் செருப்பு கடிக்குமா?'ன்னான். கடைக்காரன் சொன்னான், 'நீங்க சீண்டாத வரைக்கும் அது ஒண்ணும் பண்ணாதுங்க.'"

மனைவி வாயைப் பொத்திக்கொண்டார். முற்றுப்புள்ளியார் சோற்றைப் பிசைவதை நிறுத்தினார்.

"அவர் சொன்னது தப்பு மச்சான். புதுத் தோல் விறைப்பா இருக்கும். ரெண்டு நாள் எண்ணெய் தடவி வெக்கணும்னு சொல்லியிருக்கணும்."

"அத்தான், இது ஜோக்கு."

"இருக்கட்டும். கால்ல புண்ணு வந்தா யார் பாக்கிறது?"

மைத்துனர் சளைக்கவில்லை. அடுத்தது, அதற்கடுத்தது என்று பதினொன்று சொன்னார். பதினொன்றுக்கும் முற்றுப்புள்ளியார் உண்மையான அக்கறையோடு ஐயம் கேட்டார். பன்னிரண்டாவதைத் தொடங்கிய மைத்துனர், பாதியில் நிறுத்தித் தட்டையே வெறித்தார்.

"அக்கா, ஒண்ணு கேக்கிறேன், மறைக்காம சொல்லு. இத்தனை வருஷமா நீங்க எல்லாம் நிஜமாவே சிரிச்சீங்களா? இல்ல, பாவம் பையன்னு சிரிச்சீங்களா?"

"டேய், என்னடா பேச்சு இது?"

"இல்லக்கா. செருப்பு விஷயம் எனக்கே இப்பத்தான் உறைக்குது. அந்தக் கடைக்காரன் சரியில்ல."

அவர் போனபின் மனைவி பாத்திரங்களை வழக்கத்தைவிட ஓசையாக அடுக்கினார்.

"என் தம்பியையே அழ வெச்சுட்டீங்களே! ஊரைச் சிரிக்க வெச்ச பிள்ளைங்க அவன்."

"நான் சந்தேகம்தானே கேட்டேன்?"

"கல்யாணமாகி இருபத்தாறு வருஷம். நீங்க சிரிச்சு நான் பார்த்ததே இல்ல. ஒருநாளும் குறைன்னு நினைச்சதும் இல்ல. ஆனா..." அவர் கையைத் துடைத்துக்கொண்டு அலமாரியைக் காட்டினார். அங்கே பாடல் நூல்களின் வரிசையில், ஒரு தடித்த புத்தகம் நுழையும் அளவுக்கு இடம் விட்டுத் துடைத்து வைத்திருந்தார். "ஒன்பது வருஷமா அந்த இடத்துல வேற எதையும் வைக்கல. உங்க பேரு போட்ட புத்தகம் அங்க வந்து உக்காரணும்."

முற்றுப்புள்ளியார் அந்த வெற்றிடத்தைப் பார்த்தார்.

வியாழன் காலை, பூங்காவில் சிரிப்புப் பயிற்சி நடக்கிறது என்று கேள்விப்பட்டுச் சென்றார். மழைக்கு ஒதுங்கிய கொட்டகையில் முப்பது பேர் கைகளை மேலே தூக்கி "ஹா ஹா ஹோ ஹோ" என்று ஆர்ப்பரித்தனர். இவர் முதல் வரிசையில் குறிப்பேட்டுடன் நின்றார்.

"கையைத் தூக்குங்க சார்! சும்மா சிரிங்க! சிரிக்கக் காரணமே வேண்டாம்!" என்று கூவினார் பயிற்சியாளர்.

"காரணம் இல்லாம காரியம் உண்டாங்க?"

பயிற்சியாளரின் கைகள் அந்தரத்தில் நின்றன. "என்ன கேட்டீங்க?"

"சிரிப்புங்கிறது காரியம். அதுக்குக் காரணம் ஒண்ணு இருக்கணுமில்ல? எல்லாரும் எதை நினைச்சுச் சிரிக்கிறீங்கன்னு தெரிஞ்சா நானும் நினைப்பேன்."

முப்பது பேரும் தாங்கள் எதை நினைத்துச் சிரிக்கிறோம் என்று யோசித்தனர். கொட்டகை அமைதியாயிற்று. ஒருவர் மெல்லப் பெஞ்சில் அமர்ந்து, "வீட்டுக்கடனே இன்னும் பன்னிரண்டு வருஷம் இருக்கு," என்றார். மற்றொருவர் அவர் தோளைத் தட்டிக் கொடுத்தார். மறுநாள் பூங்காப் பலகையில், 'சிரிப்புப் பயிற்சி மறு அறிவிப்புவரை நிறுத்தம்' என்று எழுதியிருந்தது.

அன்று பிற்பகல் தொட்டியார் களமிறங்கினார்.

"யோசிக்கவிட்டா நீ காரியத்தைக் கெடுத்துடுவே. கிச்சுகிச்சு மூட்டினா மூளைக்கு வேலை இல்ல. செருப்பைக் கழட்டு."

ஒட்டடைக் கோலின் நுனியிலிருந்த இறகுகளால் தொட்டியார் அவருடைய உள்ளங்காலை வருடினார். பயனில்லை. கழுத்தை வருடினார். பயனில்லை. மூக்கருகே சென்றபோது முற்றுப்புள்ளியார் தும்மினார். ஒன்றல்ல, பதினொரு தும்மல். ஒன்பதாவதில் மைப்புட்டி கவிழ்ந்தது. அச்சுக்குத் திருத்தி வைத்திருந்த எச் தொகுதியின் முதல் அறுபது பக்கங்கள் கரிய குளத்தில் மூழ்கின.

"தும்மலுக்கு ஒரு சீட்டு எழுதி வெச்சுக்கலாம். எஸ் தொகுதிக்கு ஆகும்," என்றார் தொட்டியார், ஆறுதலாக.

இருட்டும்வரை எல்லாரும் உட்கார்ந்து அறுபது பக்கங்களையும் மீண்டும் திருத்தினார்கள். கிளம்பும்போது தலைமை அம்மையார் அவரைத் தனியே அழைத்தார்.

"நாளைக்கு அஞ்சு மணிக்கு அச்சக வண்டி வந்துடும். நான் சொல்றதைக் கேளுங்க. 'சிரித்தேன்'னு ஒரு வரி எழுதிக் குடுங்க. சாட்சிக் கையெழுத்து நான் போடறேன்."

"பொய்ச் சீட்டாம்மா?"

"ஒரே ஒரு சீட்டுதானே?"

"பெரியவர் பார்த்துக்கிட்டே இருக்காரும்மா," என்றார் முற்றுப்புள்ளியார்.

அம்மையார் தலைகுனிந்தார். அவர் உப்பில்லாமல் உண்ட அந்த ஒரு மாதம் அவர் நினைவுக்கு வந்திருக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை காலை அவர் செருப்பை மாட்டும்போது மனைவி சொன்னார்: "அஞ்சு மணிக்கு நான் குடையோட வந்து நிக்கிறேன். பேரு இருந்தாலும் சரி, போனாலும் சரி. ரெண்டு பேரும் சேர்ந்து வீட்டுக்கு வருவோம்."

மாலை நான்கரை மணிக்கு முற்றுப்புள்ளியார் தம் பெயரை நீக்கக் கோரும் கடிதத்தையும் வெற்றுச் சீட்டையும் எடுத்துக்கொண்டு, பெரியவர் அமர்ந்து பணியாற்றிய முன்னறைக்குச் சென்றார். சுவரில் பெரியவரின் படம். கடுமையான புருவம், கடுமையான மீசை. இதழோரத்தில் மட்டும் ஒரு சிறு வளைவு. அதைக் கண்ணாடிக்குள் ஏறிய ஈரக்கறை என்றே அனைவரும் கருதினர்.

தேநீர் அக்கா படத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"என்னய்யா, கண்ணு கலங்கியிருக்கு?"

"பெரியவர்கிட்ட மன்னிப்புக் கேக்க வந்தேன் அக்கா. உணர்ச்சியைக் காட்டுற மெய்ப்பாடு எட்டுல நகையை, சிரிப்பைத்தான், முதல்ல வெச்சாங்க. எனக்கு அதுதான் கடைசி வரைக்கும் வரல. ஒரு வார்த்தையால அவர் வெச்ச சட்டம் கெட்டுடக் கூடாது. பேரை எடுத்துடச் சொல்லி எழுதிட்டேன்."

"பேரையா? அந்தச் சீட்டுக்காகவா?"

"ஆமாம்."

அக்கா சீட்டைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். உதடுகள் உள்ளே மடிந்தன.

"பல்வலியா அக்கா?"

"பல்லுக்கு ஒண்ணும் இல்லய்யா. இவ்வளவு தூரம் போனப்புறம் சொல்லாம இருந்தா எனக்குப் பாவம். கிட்ட வாங்க."

அவர் குனிய, அக்கா காதருகே எதையோ சொன்னார். அரை நிமிடம்கூட ஆகியிராது.

முற்றுப்புள்ளியார் நிமிர்ந்தார். கையிலிருந்த மஞ்சள் சீட்டைப் பார்த்தார். சுவரில் இருந்த பெரியவரைப் பார்த்தார். சாளரத்துக்கு வெளியே, மழையில் நனைந்து நின்ற தண்ணீர்த் தொட்டியைப் பார்த்தார்.

முதலில் மேல்சட்டையின் மூன்றாவது பொத்தான் அசைந்தது. பிறகு தோள்கள். தொலைவிலே உருளும் முதல் இடியைப் போல் ஏதோ ஒன்று அவர் வயிற்றில் உருண்டு, மார்பேறி, தொண்டையில் ஒரு கணம் திகைத்து, ஐம்பத்து மூன்று ஆண்டுக் கரையை உடைத்துக்கொண்டு வெளிப்பட்டது. நாற்காலியைப் பிடித்தார், நாற்காலியும் குலுங்கியது. தரையில் அமர்ந்தார், பிறகு சாய்ந்தார். கண்ணீர் காதுவரை வழிந்தது.

எல்லாரும் ஓடி வந்தனர்.

"ஐயோ, சாருக்கு வலிப்பு!" என்றாள் எதிர் மேசைப் பெண்.

"வலிப்பு இல்ல," என்றார் அம்மையார், மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்து. "சிரிக்கிறார். சீட்டு எங்க? சீட்டை எடுங்க!"

குடையும் கையுமாய்ப் படியேறி வந்த மனைவி வாசலிலேயே நின்றார். "உள்ள யாரு சிரிக்கிறது? நல்ல சிரிப்பா இருக்கே!"

யாரென்று கண்டதும் அவர் குடையைக் கீழே விட்டார். அருகே தரையில் அமர்ந்து கணவரின் முகத்தை இரு கைகளாலும் பிடித்துப் பார்த்தார். "உங்களுக்குக் கன்னத்துல குழி விழுமா?" என்றார். பிறகு அவருக்கும் தொற்றிக்கொண்டது. அவரிடமிருந்து எதிர் மேசைப் பெண்ணுக்கு. அவள் பற்கள் அன்றுதான் தெரிந்தன. ஹிலாரியஸ் என்று சொல்ல அவளுக்கு மூச்சில்லை.

கீழே அச்சக வண்டி ஒலியெழுப்பிற்று. அம்மையார் வேகமாக எழுதினார்: சொல், நாள், இடம். அவரும் எதிர் மேசைப் பெண்ணும் தொட்டியாரும் சாட்சிக் கையொப்பமிட்டனர். எல்லாருக்கும் மூத்தவர் என்ற முறையில் தொட்டியார் சற்றுப் பெரிதாகவே இட்டார்.

"'அனுபவித்த விதம்' பாக்கி இருக்கு. எதுக்குச் சிரிச்சீங்க? சீக்கிரம் சொல்லுங்க."

முற்றுப்புள்ளியார் வாயைத் திறந்தார். தொட்டியாரின் முகத்தைப் பார்த்தார். மீண்டும் தரையில் சாய்ந்தார்.

"என்னைப் பார்த்து என்னப்பா சிரிப்பு?" என்றார் தொட்டியார்.

ஒருவாறு எழுந்த முற்றுப்புள்ளியார், முகத்தைத் துடைத்துக்கொண்டு, மஞ்சள் சீட்டைப் பெரியவரின் படத்தடியில் வைத்தார். கைகூப்பிக் கண்மூடி நின்றார். காலைப் பாடலின் முடிவில் நிறையும் உவகையும், இப்போது வயிற்றில் இன்னும் அடங்காத நகையும் ஒன்றே என்பதுபோல் அந்த முகம் இருந்தது. அச்சொல்லின் இரு பொருளும் ஒரு நெஞ்சில் சேர்ந்திருந்தன. வெளியே மழை தொடர்ந்து பெய்தது.

பின்பு அவர் திரும்பி, "என்னால முடியல அக்கா. நீங்களே அவங்களுக்கும் சொல்லிடுங்க," என்றார்.

தேநீர் அக்கா தோளிலிருந்த துணியில் கையைத் துடைத்து, அந்தக் கையை எல்லார் தலைக்கும் மேலாக உயர்த்தினார்.

"எல்லாரும் நூறு வருஷம் நல்லா இருங்க, இதே மாதிரி சிரிச்சுக்கிட்டே இருங்க, அந்தச் சீட்டு இருக்கே, அது அன்னிக்குப் புதுசா வேலைக்குச் சேர்ந்த நம்ம தொட்டியாரைக் கொஞ்சம் சீண்டிப் பார்க்கலாம்னு பெரியவர் விளையாட்டுக்கு அச்சடிச்சது, மறுநாள் காலையில உண்மையைச் சொல்லிடலாம்னுதான் இருந்தாரு, அதுக்குள்ள இவரு தொட்டி மேல ஏறிட்டாரு!"